லேப்டாப்பில் ஏறிய பம்பை

1. பாட்டு முடிந்த பிறகு

பாட்டு முடிந்த பிறகும் என் அம்மா ஆடிக்கொண்டிருந்தாள்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். ஆவடியில் ரயில் பாதையை ஒட்டிய எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்கு எதிரே போட்ட மேடையில் எங்கள் மெல்லிசைக் குழு. மேடை ஓரத்தில் மிக்ஸருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் நான். அந்தப் பாட்டில் வந்த பம்பைச் சத்தம் மேடையில் இருந்த யாரும் அடித்ததல்ல. என் லேப்டாப்பில் இருந்து வந்தது. நான்கு நிமிடம் நாற்பது விநாடியில் முடியும்படி நானே வெட்டி ஒட்டியிருந்தேன். சொன்னபடி முடிந்தது.

யாரும் கை தட்டவில்லை. கூட்டத்தின் நடுவே முடி அவிழ்ந்து, மஞ்சள் தண்ணீரில் நனைந்த புடவையோடு, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக அம்மா நின்ற இடத்திலேயே உதறிக்கொண்டிருந்தாள். சாமி வந்திருந்தது. மேளம் போய்விட்டது.

"இன்னாடா நிறுத்திட்டீங்கோ? அடிங்கடா," என்று யாரோ கத்தினார்கள்.

என் விரல் ஸ்பேஸ் பாரின் மேல் இருந்தது. அதை அழுத்தினால் பாட்டு முதலில் இருந்து தொடங்கும். முதலில் வருவது ஒரு புல்லாங்குழல். அதுவும் கீபோர்டில் வாசித்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்வி: என்ன சாஃப்ட்வேர், என்ன லேப்டாப். நேரில் கேட்டால் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன் இந்த ஒரு மதியத்தைச் சொல்லிவிட வேண்டும் போலிருக்கிறது. எழுதும்போதே கால் ஆடுகிறது. உட்கார்ந்து எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

2. ஒரே வேனில் ஏழு பேர்

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றி இறக்குகிறவர். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்ததும் ஷூ போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போவேன் என்று வீட்டில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். எட்டு மாதம் போனேன். ஒரே இடத்தில் நின்று ஒரே போர்டில் ஒரே நான்கு திருகை முடுக்கும் வேலை. எனக்கு நிற்கவே முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கர் செட் காரர்களோடு சுற்றினேன். திருவேற்காட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில், கச்சேரி தொடங்கும் நேரத்தில் செத்துப்போன மிக்ஸர் சேனலைத் திறந்து சால்டர் வைத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துத்தான் ஜேம்ஸ் சார் என்னைக் கூப்பிட்டார்.

ஜேம்ஸ் சார் குழுவின் உரிமையாளர், கீபோர்டு வாசிப்பவர். வார நாட்களில் ஃபேக்டரி வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. குழுவின் ப்ராக்டிஸ் ரூம் கொரட்டூரில் ஏரிப் பக்கம் ஒரு மாடியில் இருந்தது. அவர் தொடங்கியபோது குழுவில் பதினைந்து பேராம். நான் சேர்ந்தபோது என்னையும் சேர்த்து எட்டுப் பேர்.

"இந்தக் கீபோர்டு மூணு வயலினை முழுங்கிடுச்சு வினோத்து. அப்புறம் ஒரு ஃப்ளூட்டை. ஃப்ளூட்காரர் என் சொந்த மச்சான். இன்னிக்கும் என்கூடப் பேசறதில்ல," என்பார். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்வார். ஆனால் கீபோர்டில் ஃப்ளூட் சத்தத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் பட்டனை ஒரு மாதிரி அவசரமாக அழுத்துவார்.

ரிதம் வாசித்தவர் மோகன் அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவர். வாரத்தில் ஆறு நாள் எஸ்டேட்டில் சிஎன்சி மெஷின் ஆபரேட்டர். ஏழாவது நாள் எங்களோடு. குச்சியால் தட்டினால் எந்த மேளத்தின் சத்தமும் வரும் எலெக்ட்ரானிக் பேடு அவருடையது. அம்மன் பாட்டு என்றால் பேடைத் தள்ளிவைத்துவிட்டு, இரண்டு மேளங்களைச் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டி அடிக்கும் பம்பையை எடுப்பார். பூந்தமல்லியில் அவர் மாமா ஒருவருக்குச் சொந்தமாகப் பம்பை செட் இருந்தது. ஆடி மாதம் முழுக்க அவர்களுக்கு ஓய்வு கிடையாது.

"நான் பேடு தூக்கினு வந்த அன்னிக்கு காங்கோ, ட்ரம்ஸு, தபேலா, மூணு பேரும் ஊட்டுக்குப் போனாங்கோ மச்சான்," என்று ஒரு நாள் வேனில் சொன்னார். "என்னை அனுப்ப எவன் பொறந்து வந்துகினு கீறானோ."

வேனில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான். என் மடியில் லேப்டாப் பை இருந்தது.

3. காதில் ஒரு பல்லி

லேப்டாப்பைக் குழுவுக்குள் கொண்டுவந்தது நான். அதில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை. திருநின்றவூரிலும் அம்பத்தூரிலும் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தவர்கள் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடும்போது, ஃபோனை நீட்டி, "அண்ணா, இதுல கேக்கற மாதிரியே வேணும்," என்பார்கள். ஃபோனில் நாற்பது வயலின் கேட்கும். கோரஸ் கேட்கும். எங்களிடம் எட்டுப் பேர். ஃபோனில் கேட்டே வளர்ந்த காதுக்கு எட்டுப் பேர் வாசிப்பது காலியான வீடு மாதிரி இருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை.

அதனால் வயலினையும் கோரஸையும், முன்பே பதிவு செய்து லேப்டாப்பில் ஓடவிடும் ட்ராக்காக நான் செய்தேன். எல்லாரும் ட்ராக்கோடு ஒன்றாகப் போக, ரிதம் வாசிப்பவரின் காதில் மட்டும் 'டிக் டிக்' என்று ஒரு க்ளிக் ஓடும். மோகன் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டே பேடு அடிப்பார். பூந்தமல்லியில் ஒரு ரிசப்ஷனில் முதல் முறை அப்படி வாசித்தோம். பந்தியில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஜேம்ஸ் சார் என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டு எனக்குப் பாலிடெக்னிக்கில் கிடைக்கவில்லை, கம்பெனியில் கிடைக்கவில்லை.

அடுத்த வாரமே கேட்டார்: "ரிதத்தையும் அதுலயே ஏத்திட்டா என்ன?"

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் வேனில் ஏழு பேர் உட்காரலாம். மோகன் அண்ணனின் பேடு, ஸ்டாண்டு, பம்பை, அவர் எல்லாம் சேர்ந்தால் தனியாக ஒரு லோடு ஆட்டோ. பேடு சத்தம் ஏற்கெனவே மெஷின் சத்தம், அதை லேப்டாப்பில் ஏற்றுவது ஒரு நாள் வேலை. பம்பை அப்படி இல்லை. மெஷின் பம்பை வாளியைத் தட்டுவது போல இருக்கும். நிஜப் பம்பையை ரெக்கார்டு செய்தால்தான் ஆகும்.

"மோகன்கிட்ட, மாலதி வீட்ல ப்ராக்டிஸ் பண்றதுக்குன்னு சொல்லு," என்றார் ஜேம்ஸ் சார். மாலதி அக்கா எங்கள் பாடகி. அப்படிச் சொல்லச் சொன்னது அவர். சொன்னது நான்.

கொரட்டூர் மாடியில் ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் மெத்தையைக் கட்டி, இரண்டு மைக் வைத்தேன். மோகன் அண்ணன் ஹெட்ஃபோனைப் போட்டு ஒரு நிமிடம் அடித்தார். கழற்றினார்.

"இன்னா மச்சான் இது, காதுல பல்லி மாரி கத்திகினே கீது."

"அதோட சேர்ந்து அடிக்கணும்ணா. பேடுக்கு அடிக்கிற மாதிரியேதான்."

"பேடு வேற. இது வேற. எதிர்ல யாராச்சும் நில்லுங்கோ. யாரைப் பாத்து அடிக்கிறது?"

"யாரையும் பாக்க வேணாம்ணா. க்ளிக்கைக் கேட்டா போதும்."

மாலதி அக்கா பாவம் என்று எதிரில் போய் நின்றார். இரண்டு நிமிடம் நின்றுவிட்டு, வேர்வை தாங்காமல், "மோகனு, நான் டீ குடிச்சுட்டு வந்துடறேன், நீ செவுத்தைப் பாத்து அடி," என்று கீழே போய்விட்டார். மோகன் அண்ணன் சுவரைப் பார்த்துத்தான் அடித்தார். நாற்பது நிமிடம்.

வீட்டுக்கு வந்து திரையில் விரித்துப் பார்த்தேன். பல அடிகள் க்ளிக்குக்கு முன்னால் பாய்ந்திருந்தன, சில பின்தங்கியிருந்தன. ஒவ்வொரு அடியையும் பிடித்து, க்ளிக் விழும் கோட்டின் மேல் நிறுத்தினேன். இதை நாங்கள் க்வான்டைஸ் என்போம். மூன்று நாள் வேலை. முடித்தபோது படிக்கட்டு போல ஒழுங்காக இருந்தது. சின்ன வயதில் கோணல் மாணலான என் கையெழுத்தை நாலு கோடு நோட்டில் நானாகத் திருத்திக்கொண்டபோது வந்த அதே சந்தோஷம்.

4. நான் எண்ணியது

இதுவரை சொன்னது தொழில். இனிச் சொல்வது அதில் சேராது, ஆனால் அதைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

அந்த ஆடியில் எங்கள் தெருக் கோயிலிலேயே குழுவுக்குப் ப்ரோக்ராம் கிடைத்தது. பேசி முடித்தது நான்தான். தேதி குறித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவுக்கு ஒவ்வொரு ஆடியிலும் பம்பைச் சத்தத்தில் சாமி வரும்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அம்மா மாதிரி ஆடிக் காட்டுவார்கள். பாலிடெக்னிக் நண்பர்களை ஆடி மாதத்தில் மட்டும் வீட்டுப் பக்கம் வர விட்டதே இல்லை. இப்போது மேடையில் ஜேம்ஸ் சார் இருப்பார், மாலதி அக்கா இருப்பார். எல்லாரும் மேலே நின்று பார்ப்பார்கள். நான் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு சவுண்ட் இன்ஜினியராக நிற்கும்போது கீழே என் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுவாள்.

என் ஃபோனில் மூன்று வருடத்துக்கு முந்தைய வீடியோ ஒன்று இருந்தது. சித்தி எடுத்தது. அதை ஓடவிட்டு எண்ணினேன். பம்பை தொடங்கி இருபத்திரண்டாவது சுற்றில் அம்மாவுக்கு சாமி வந்தது. எங்கள் ரெக்கார்டிங்கில் மோகன் அண்ணன் அடித்திருந்தது முப்பத்திரண்டு சுற்று. நான் பதினாறில் வெட்டினேன். கடைசியில் ஏறுகிற வேகத்தையும் எடுத்துவிட்டு, பதினாறாவது சுற்று முடிந்ததும் ஒரு மணிச் சத்தம் வைத்துப் பாட்டை மூடினேன்.

ஜேம்ஸ் சாரிடம், "அஞ்சு நிமிஷத்துக்குள்ள இருந்தாதான் சார் நல்லா இருக்கும்," என்றேன். அவர் தலையாட்டினார்.

5. கூழ் அன்று

காலையில் கரகம் ஊர்வலம் வந்தது; அம்மா அந்நேரம் வீட்டில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தாள். முன்னால் பம்பை செட். அதில் மோகன் அண்ணன். கோயில் கமிட்டிக்காரர்கள் பூந்தமல்லியில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. 'சின்னப் ப்ரோக்ராம், இந்த வாரம் உனக்கு லீவு' என்று ஜேம்ஸ் சார் அவரிடம் சொல்லியிருந்தார். ஊர்வலம் முடிந்து பம்பைக் கயிற்றைத் தளர்த்திவிட்டு, ஒரு சொம்பில் கூழோடு மேடைப் பக்கம் வந்தார். பேடு ஸ்டாண்டு வைக்கும் இடத்தைப் பார்த்தார். அங்கே நான் ஒரு பெரிய பேஸ் ஸ்பீக்கரை வைத்திருந்தேன்.

"இன்னா இன்ஜினியரு, ரிதம் யாரு?"

நான் ஒரு வயரைப் பிரித்து மறுபடி சொருகினேன். அவர் லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெங்காயத்தைக் கடித்துக்கொண்டே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நிழலில் உட்கார்ந்துவிட்டார்.

ஜேம்ஸ் சார் சர்ச்சில் காலை ஆராதனை முடித்து நேராக வந்து கீபோர்டில் நின்றார். பன்னிரண்டரைக்குத் தொடங்கினோம். நான்காவது பாட்டு, அந்தப் பாட்டு. மாலதி அக்கா பாடும்வரை ஒன்றுமில்லை. பிறகு பம்பை. தொட்டி நிழலில் மோகன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தது மேடையில் இருந்தே தெரிந்தது. தன் கையை அடையாளம் தெரியாதா ஒருவருக்கு.

அம்மா அண்டாவின் அருகில் நின்று கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தே எண்ணினேன். ஆறு. ஏழு. ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்பது. பத்தில் அகப்பை நின்றது. பதினொன்றில் கீழே விழுந்தது.

என் கணக்கில் ஸ்பீக்கர் இல்லை. வீடியோவில் இருந்தது வெறும் மேளம். இன்றைக்கு அது நான் கொண்டுவந்த பெட்டி வழியாக அவள் நெஞ்சில் நேராக இடித்தது.

பதினாறு. மணிச் சத்தம். பாட்டு முடிந்தது.

6. அரை நிமிடம்

சாமி வந்தவரை மேளம் பாதியில் விடக் கூடாது. ஆடி முடித்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கற்பூரம் ஏற்றி மலையேறும்வரை மேளம் கூடவே போக வேண்டும். எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். சாமி வரவே வராது என்று நினைத்து வெட்டியவன் நான், வந்துவிட்டால் என்ன என்று யோசிக்கவில்லை.

அம்மாவின் பல் கிட்டிக்கொண்டது. கை விறைத்துப் பின்னால் போனது. இரண்டு பெண்கள் பிடித்தார்கள், நிற்கவில்லை. கமிட்டிச் செயலாளர் மேடையின் கீழ் வந்து நின்றார். "டேய் வினோத்து, பாதியில உட்டா ஒடம்பு தாங்காதுடா. உங்கம்மாடா அது. எதையாச்சும் அடிடா."

கடைசி நான்கு சுற்றைப் பிடித்து லூப்பில் போட்டேன். அதே நான்கு சுற்று, மறுபடி அதே நான்கு சுற்று. அம்மாவின் கால் ஒரு முறை அதில் ஏறியது. பிறகு அவள் தடுமாறினாள், லூப் தடுமாறவில்லை. அவள் பின்தங்கினாள், அது போய்விட்டது. லூப் சேரும் இடத்தில் காதுக்கே எட்டாத ஒரு வெட்டு இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் யாரோ முடியைப் பிடித்து இழுத்தது போல அவள் தலை பின்னால் வெட்டியது. எடிட்டிங்கில் ஹெட்ஃபோன் போட்டும் எனக்குக் கேட்காத வெட்டு அது.

மேடையில் இருந்து குதித்துத் தொட்டிக்கு ஓடினேன்.

"அண்ணா, வாங்கண்ணா."

மோகன் அண்ணன் எழவில்லை. "உன் பொட்டிக்குள்ள நான்தானே கீறேன்? அவனை அடிக்கச் சொல்லு."

"அண்ணா, அது எங்கம்மா."

சொம்பைக் கீழே வைத்தார். எனக்கு அம்மா இருப்பதையே அப்போதுதான் கேள்விப்பட்டது போல ஒரு பார்வை. பம்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டே, "மொதல்ல அத்த நிறுத்து," என்றார்.

ஓடிப்போய் நிறுத்தினேன். தளர்ந்திருந்த கயிற்றை இழுத்துக் கட்ட அவருக்கு அரை நிமிடம் ஆனது. அந்த அரை நிமிடமும் ஒரு சத்தமும் இல்லை. அம்மா மூச்சு விடுவது மேடை வரை கேட்டது. பின்னால் ஒரு லோக்கல் ரயில் சென்ட்ரலைப் பார்த்துப் போனது. ரயில் சத்தம் தேய்கிற இடத்தில் அவர் தொடங்கினார். மைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"வேணாம். தள்ளு."

அவர் பம்பையைப் பார்க்கவில்லை. அம்மாவின் காலைப் பார்த்தார். முதலில் அவள் கால் தரையில் பட்ட பிறகு ஓர் அடி. அடுத்த கால், அதன் பிறகு ஓர் அடி. எனக்கு எண்ணுகிற பழக்கம் போகாது. எண்ணினேன், எந்த எண்ணும் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காலும் அடியும் ஒன்றாக விழுந்தன. அப்புறம் எந்த இடத்தில் மாறியது என்று தெரியவில்லை, அடி முன்னால் விழுந்தது, கால் அதன் பின்னால் வந்தது. அதுவரை அவளுக்குப் பின்னால் போனவர் இப்போது அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வேகம் ஏறியது. அம்மாவின் கை தளர்ந்து முன்னால் வந்தது. பல் விட்டது. ஏதோ கேட்டாள்; செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு, "அடுத்த வருசம் செஞ்சுர்றோம் தாயே," என்றார். கற்பூரம் ஏற்றினார்கள். மோகன் அண்ணன் ஒவ்வோர் அடியாகக் குறைத்துக்கொண்டே வந்தார். அம்மா உள்ளங்கையை நீட்டினாள். கற்பூரம் கையில் பட்டதும் கடைசி அடி. பெண்கள் மடியில் தாங்கிக்கொண்டார்கள்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அது ஆன் ஆகவே இல்லை.

7. இரண்டு பேர்

கச்சேரி தொடர்ந்தது. அடுத்த ஏழு பாட்டும் லேப்டாப்பில் இருந்துதான். நன்றாகத்தான் போயிற்று. பிள்ளைகள் ஆடினார்கள். செயலாளர்கூடக் கடைசிப் பாட்டுக்குத் துண்டைச் சுற்றினார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், லேப்டாப் தோற்றது என்று யாரும் இதைப் படித்துச் சொல்லிவிடக் கூடாது.

முடிந்ததும் மோகன் அண்ணனிடம் போனேன். ப்ராக்டிஸுக்கு என்று பொய் சொல்லி ரெக்கார்டு செய்ததை ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் போ. ப்ராக்டிஸுக்கு எவன்டா ஜன்னல்ல மெத்தை கட்டுவான்?" என்று சிரித்தார். "நான் மூணு பேரை அனுப்பிச்சவன். என் நாளு வரும்னு தெரியாதா?"

அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தைரியம் வந்து மீதியையும் சொன்னேன். வீடியோ, இருபத்திரண்டு, பதினாறு. சிரிப்பு நின்றுவிட்டது.

"என்னைத் தூக்குனியே, அது பொழப்பு. பரவால்ல. அவங்க ஆடுறத எண்ணி எண்ணி வெட்டுனியே, அது இன்னாடா படிப்பு?"

நான் வயர்களைச் சுருட்டப் போனேன்.

சாயங்காலம் வீட்டில் அம்மா சுவரில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஆடியது எதுவும் அவளுக்கு எப்போதும் ஞாபகம் இருக்காது. மேளம் மட்டும் ஞாபகம் இருக்கும். கையில் கற்பூரம் பட்ட இடத்தை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"இன்னிக்கு ரெண்டு பேரு அடிச்சாங்களா நைனா?"

"ஒரே ஆளுதாம்மா. மோகன் அண்ணன். ரெண்டும் அவருதான்."

"போடா. நீ சும்மா சொல்ற. ரெண்டாவது அடிச்ச புள்ள சரி. மொதல்ல அடிச்சவன் என்னைப் பாக்கவே இல்லியே."

எழுந்து வெளியே போய்விட்டேன். ஸ்டேஷன் வரை நடந்து திரும்பி வந்தேன்.

8. இப்போது செய்வது

ஜேம்ஸ் சாரிடம் இரண்டு பேஸ் ஸ்பீக்கரில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்த இடத்தில் மோகன் அண்ணனின் பேடும் பம்பையும் வேனிலேயே ஏறின. ஆளுக்கு இடம் போதாமல் மாலதி அக்கா மாதம் இரண்டு தடவையாவது என்னைத் திட்டுகிறார். பாட்டை இப்போது மூன்று துண்டாக வைக்கிறேன். முதல் துண்டும் மூன்றாவதும் ட்ராக். நடுவில் ஒன்றும் கிடையாது. மூன்றாவது எப்போது தொடங்க வேண்டும் என்பது மோகன் அண்ணனின் காலடியில் இருக்கும் பெடலில் இருக்கிறது. அதை நான் என் பக்கம் வைக்கத்தான் நினைத்தேன். "அது எங்கிட்ட கெடக்கட்டும் மச்சான். நீ எண்ணுவ," என்று வாங்கிக்கொண்டார்.

தம்பிகளுக்குச் சொல்வது இதுதான். ட்ராக் போடுங்கள். தயங்க வேண்டாம். ஜேம்ஸ் சாரின் மூன்று வயலினும் திரும்பி வராது, மோகன் அண்ணன் அனுப்பிய காங்கோக்காரரும் வரமாட்டார். ஒருவரை ரெக்கார்டு செய்தால் எதற்கு என்று உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஒரு சத்தத்தை லேப்டாப்பில் ஏற்றுவதற்கு முன், அதை வாசிக்கிறவர் யாரையாவது பார்த்து வாசிக்கிறாரா என்று பாருங்கள். பார்த்து வாசிக்கிறார் என்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். இன்னொன்றும் உண்டு: ஏன் வெட்டுகிறோம் என்று ஜேம்ஸ் சாரிடம் சொன்ன காரணமும் மனதில் இருந்த காரணமும் வேறு வேறாக இருந்தன. உங்களுக்கும் அப்படி இருந்தால் வெட்டாதீர்கள்.

போன ஆடியில் அதே மேடை, அதே பாட்டு. முதல் துண்டு முடிந்ததும் திரையில் பாட்டு ஓடும் இடத்தைக் காட்டும் கோடு காலி இடத்தின் மேல் நகர்ந்துகொண்டே போயிற்று. மோகன் அண்ணன் பம்பையோடு கீழே இறங்கிவிட்டார். அவர் திரும்ப ஏறிவந்து பெடலை மிதிக்கும்வரை எனக்கு அழுத்த ஒரு பட்டனும் இல்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி மிக்ஸர் மேல் வைத்தேன். ஜேம்ஸ் சார் பார்த்துக்கொண்டிருந்தார், மாலதி அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.